41 நிமிடம் பிந்திய கேமரா

அந்த வாரம் நான் எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையில் ஒரு பெண் காணாமல் போயிருந்தாள். அவளைத் தேடுகிற ஓய்வுபெற்ற ஏட்டையாவுக்குச் செத்தவர்கள் பேசுவது காதில் விழும். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவர் சீவலப்பேரி ஆற்றங்கரையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அடுத்து என்ன செய்வார் என்று எனக்கே தெரியவில்லை. சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று செவ்வாய் இரவு மூடிவைத்துவிட்டுப் படுத்தேன். புதன் காலை ஆறு மணிக்கு மச்சான் போன் செய்தான். “அத்தான், அப்பாவக் காணோம்.”

2024 ஆடி மாதம். அமாவாசைக்கு நாலு நாள் இருந்தது.

மாமா என் அம்மாவின் அண்ணன். வயது 76. விக்கிரமசிங்கபுரம் மில்லில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகனோடு திருநெல்வேலி டவுனுக்கு வந்துவிட்டவர். இரண்டு வருடமாகவே ஞாபகம் தடுமாறியது. காலையில் இட்லி சாப்பிட்டதை மறந்துவிட்டு இன்னொரு தடவை கேட்பார். அதே ஆள், ஐம்பது வருடத்துக்கு முன்னால் மேஸ்திரி திட்டியதை ஒரு வார்த்தை மாறாமல் சொல்வார். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். தைராய்டு, பி12 குறைந்தால்கூட ஞாபகம் தடுமாறும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்பதெல்லாம் அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் ஆளுக்கொரு பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். முதல் தப்பு அதுதான். வீட்டை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, பக்கத்துக் காலிமனை, பாழுங்கிணறு, கட்டில் அடி, பூட்டிக் கிடக்கிற அறை என்று முதலில் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஞாபக மறதிக்காரர்கள் கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டார்கள், பத்தடி தள்ளி ஒரு கதவுக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம், வீட்டில் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது என்று ஒருவர் உட்கார்ந்து கணக்கெடுக்க வேண்டும். செருப்பு இருந்தது, போன் இருந்தது, கண்ணாடி இருந்தது. அதோடு நிறுத்திவிட்டோம். இன்னும் ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் இந்தக் கதையே வேறு.

காவல் நிலையத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “சொந்தக்காரங்க வீட்ல எல்லாம் விசாரிங்க சார், நாளைக்குக் காலைல பாப்போம்” என்றார். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்கிறதே தவிர, அப்படி ஒரு சட்டம் கிடையாது. காணவில்லை என்று தெரிந்த நிமிடமே புகார் கொடுக்கலாம். மனுவை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்கி, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேட்டு, ‘ஆள் காணவில்லை’ என்று எஃப்ஐஆர், அதாவது முதல் தகவல் அறிக்கை, போடச் சொல்ல வேண்டும். இது எங்கள் எல்லையில் இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. அந்த ஜூலை 1-ம் தேதிதான் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்புக்கு வந்திருந்தது. அதன் 173-வது பிரிவு, சம்பவம் எந்த இடத்தில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. எங்கள் பக்கத்தில் இது ரொம்ப முக்கியம். டவுனில் பஸ் ஏறுகிறவர் மாநகரக் காவல் எல்லையில் இருப்பார். அரை மணி நேரத்தில் மாவட்டக் காவல் எல்லைக்குப் போய்விடுவார். கொஞ்சம் வடக்கே திரும்பினால் 2019-ல் பிரிந்த தென்காசி மாவட்டம். மூன்று அதிகாரிகளுக்கும் தகவல் போக வேண்டும், போனதா என்று நாமே கேட்க வேண்டும். வியாழக்கிழமை தெரிந்த வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் இதெல்லாம் நடந்தது.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு சிசிடிவி பதிவுகள் கிடைத்தன. இந்தக் கதையில் பேய் நுழைந்தது அப்போதுதான்.

ஒன்று, வீட்டுக்குப் பக்கத்து ஜவுளிக்கடைக் கேமரா. திரையில் 4:47 என்று மணி ஓடுகிறது. மாமா கையில் ஒரு மஞ்சப்பையோடு எங்கள் சந்து முனையைக் கடந்து போகிறார். எந்தப் பக்கம் திரும்பினார் என்று தெரியவில்லை. இன்னொன்று பேட்டை ரோட்டில் ஒரு செல்போன் கடைக் கேமரா. அதிலும் மாமாதான். அதே நடை, இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. திரையில் மணி 4:20.

அத்தை அதைப் பார்த்துவிட்டு நடுங்கிப் போனாள். “நாலரைக்கு நான் முழிச்சிருந்தேன்யா. செம்புத் தண்ணியக் குடிச்சிட்டு அடுக்களைல நின்னாவ. என் கண்ணால பாத்தேன். அப்ப பேட்டை ரோட்டுல போறது ஆரு?”

4:20-க்குப் பேட்டை ரோட்டில் நடக்கிறவர் 4:30-க்கு வீட்டு அடுக்களையில் தண்ணீர் குடிக்கிறார். போதாததற்கு அந்தச் செல்போன் கடைப் பதிவில் மாமாவுக்குக் கால் இல்லை. வேட்டி மட்டும் வெள்ளையாக மினுங்கிக்கொண்டு தரைக்கு அரையடி மேலே மிதந்து போகிறது. முகத்தில் கண் இரண்டும் பூனைக்கண் மாதிரி பளபளக்கிறது. “அது அவிய இல்லய்யா. அவிய மாதிரி வந்த வேற ஒண்ணு” என்று அத்தை சொன்னபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் கூட. பன்னிரண்டு அத்தியாயம் பேய்க்கதை எழுதியவன், பட்டப்பகலில் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு கையில் மயிர் சிலிர்க்க நின்றேன்.

‘அது மாமா இல்லை’ என்று முடிவு செய்துவிட்டோம். சிலர் பேய் என்றார்கள், நான் யாரோ வேற ஆள் என்றேன். எப்படிச் சொன்னாலும் பலன் ஒன்றுதான். பேட்டை ரோட்டை, அதாவது மேற்குத் திசையையே, தேடுவதிலிருந்து கழித்துவிட்டோம்.

அன்று சாயங்காலம் மச்சானின் சகலை ஒருவர் மை போட்டுப் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். வெற்றிலையில் மை தடவி, பக்கத்து வீட்டுப் பத்து வயதுப் பையனைப் பார்க்கச் சொன்னார். பையன் ரொம்ப நேரம் ஒன்றும் தெரியவில்லை என்றான். “நல்லாப் பாருடே, தண்ணி தெரியுதா?” என்றார் அவர். பையனும் “ஆமா, தண்ணி தெரியுது” என்றான். கேள்வியிலேயே பதில் இருந்ததை நான் கவனித்தேன், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அழுதுகொண்டிருக்கிற வீட்டில் நியாயம் பேச எனக்குத் தைரியம் இல்லை. 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

வியாழன் முழுக்கத் தாமிரபரணி. குறுக்குத்துறை, கருப்பந்துறை, சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை பேராச்சியம்மன் படித்துறை என்று ஒவ்வொரு துறையாக இறங்கி விசாரித்தோம். குறுக்குத்துறைப் படியில் ஒரு பச்சைக்கரைத் துண்டு கிடந்தது. மாமாவின் துண்டுதான் என்று மச்சான் கதறினான். மாமா கட்டுவது நீலக்கரை. அத்தைக்குப் போட்டோ அனுப்பிக் கேட்டபோது, “பச்சைக்கரை நம்ம வீட்லயே கெடையாதே” என்றாள். ஆற்றில் தேடுவது என்றால் நீங்களாகக் குதிக்க வேண்டாம். தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். ஆழமான கசம் எங்கே இருக்கிறது, சுழல் எங்கே இழுக்கிறது என்பது அந்தந்தத் துறையில் தினமும் குளிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். நம் பையன் ஒருவன் போய்விட்டால் தேடுகிற ஆள் இரண்டாகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாத முதியவர் உடல் ஒன்று இருக்கிறதாம், வந்து பார்க்க வேண்டுமாம். மச்சானை வெளியில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போனேன். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த இடத்துக்கு மகனையோ மனைவியையோ அனுப்பாதீர்கள். நன்றாகத் தெரிந்த, ஆனால் ஓரெட்டுத் தள்ளி இருக்கிற உறவு ஒருவர் போக வேண்டும். கூட ஒரு ஆள் வேண்டும், கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் வேண்டும்.

துணியை விலக்கியதும் எனக்கு மாமா முகம் மாதிரித்தான் தெரிந்தது. வீங்கிய முகத்தில் தேடுகிறவர் சாயலைத்தான் கண் பார்க்கும். பயம் அப்படிச் செய்கிறது. “ஆமா” என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. “அண்ணே, வலது கையைக் கொஞ்சம் காட்டுங்க” என்றேன். அங்கே வேலை பார்க்கிறவர் மெதுவாகக் கையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சுருங்கி வெளுத்த விரல்கள். ஒவ்வொன்றாக எண்ணினேன். ஆள்காட்டி விரல் முழுசாக இருந்தது, நகத்தோடு.

மாமாவுக்கு அந்த விரலில் நுனி கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெஷினில் போனது. சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்க்க எங்களுக்குள் சண்டையே நடக்கும்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன். மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தப்பாக நினைத்து விழப்போனான்.

அடையாளம் என்று கேட்டால் ‘வெள்ளை வேட்டி, நீலக்கரைத் துண்டு’ என்று எழுதிக் கொடுத்திருந்தோம். துணி மாறும், முகம் மாறும். தழும்பு, பச்சை குத்தியது, பல் செட், ஆபரேஷன் தையல், குறைந்த விரல் இவையெல்லாம் மாறாது. இவற்றைத்தான் போலீசில் முதலில் சொல்ல வேண்டும்.

ஆனால் போஸ்டரில் எல்லாவற்றையும் போட வேண்டாம். இதைச் சொன்னது அந்த வக்கீல். ஒரு அடையாளத்தை மட்டும் மறைத்து வையுங்கள் என்றார். நாங்கள் விரலை விட்டுவிட்டோம். போஸ்டர் வாட்ஸ்அப்பில் போன மூன்றாவது மணி நேரத்தில் ஒருவன் பேசினான். பெரியவர் மதுரையில் மயங்கிக் கிடக்கிறார், ஆம்புலன்ஸ் வைத்து அனுப்புகிறேன், 6,000 ரூபாய் ஜிபே பண்ணுங்கள் என்றான். அத்தை நகையைக் கழற்றவே போய்விட்டாள். “அவர் வலது கையைப் பாத்துச் சொல்லுங்க, என்ன இருக்கு?” என்று கேட்டேன். “மோதிரம் போட்டிருக்காரு சார்.” வைத்துவிட்டேன். அந்த இரண்டு நாளில் அப்படி மூன்று பேர். வீட்டுப் பெண்களின் நம்பரைப் போஸ்டரில் போடாதீர்கள். நிதானமாகப் பேசக்கூடிய ஒருவரின் நம்பர் மட்டும் போதும். கல்யாணத்தில் எடுத்த போட்டோ வேண்டாம், போன வாரம் தாடியோடு உட்கார்ந்திருந்தாரே, அந்தப் போட்டோ வேண்டும். தேதியைப் பெரிசாகப் போடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு சேரன்மகாதேவிப் பக்கம் அம்மா வழிக் குலசாமிக்குக் கொடைத் திருவிழா. சுடலைமாடன். போவதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். அத்தைதான் போகணும் என்று நின்றாள். போனோம்.

கணியான் கூத்தின் மகுட மேளச் சத்தம் வயல் தாண்டி ரோட்டுக்கே கேட்டது. நடுச்சாமத்தில் சாமி வேட்டைக்குப் போய்த் திரும்பிய நேரம். சாமியாடுகிற கோமரத்தாடி கச்சையும் சல்லடமும் கட்டி, கையில் வல்லய ஈட்டியோடு, வியர்வை வழிய நின்றார். மற்ற நாளில் அவர் வாழையிலை வியாபாரி. மாமாவைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். அத்தை காலில் விழுந்தாள். சாமி அவள் தலையில் திருநீற்றைப் போட்டுவிட்டுக் கேட்டது:

“என் பிள்ளை வெறுங்கையோடயா போனான்? கையில என்ன கொண்டு போனான்?”

“மஞ்சப்பை சாமி.”

“பையில என்ன?”

யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியை மூன்று நாளில் நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ளவில்லை, போலீசும் கேட்கவில்லை. மச்சான் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன்.

“சோறு திங்கான். உசிரோட இருக்கான். கெழக்க பாரு” என்று சொல்லிவிட்டு சாமி அடுத்த ஆளிடம் போய்விட்டது.

கிழக்கு என்றது தப்பு. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

சனிக்கிழமை விடிகாலை மூன்று மணிக்கு வீடு வந்ததும் அத்தை புடவையைக்கூட மாற்றாமல் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினாள். பழைய ட்ரங்குப் பெட்டி, பித்தளைக் குத்துவிளக்கு, ஓட்டைக் குடம் எல்லாவற்றையும் இறக்கினாள். அப்புறம் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “தூக்குப்போணியக் காணும்” என்றாள். மாமா மில்லுக்குச் சோறு கொண்டு போன அலுமினியத் தூக்குப்போணி. மூடி நசுங்கியது. பேரன் பிறந்த வருடம் பரணில் போட்டது. பக்கத்தில் இருந்த தூசியில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

மாமா எங்கேயும் காணாமல் போகவில்லை. முதல் ஷிப்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்.

அப்படி என்றால் மில்லுக்குப் போகிற பாபநாசம் பஸ் பிடிக்க மேற்கேதான் நடந்திருக்க வேண்டும், பேட்டை ரோட்டில்தான். நான் காலை கடை திறக்கும்போதே செல்போன் கடையில் போய் நின்றேன். கடைக்காரப் பையன் கேமராப் படம் பதிவாகிற டிவிஆர் பெட்டியை உயிர்ப்பித்தான். நேரலைப் படத்தின் மூலையில் மணி 8:51. என் போனில் 9:32. போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தேன். 41 நிமிடம் பின்னால் ஓடுகிறது அந்தப் பெட்டி. “கரண்ட் போய்ப் போய் வரும்ல அண்ணே, உள்ள பேட்டரி செத்திருக்கும். யாரு மணியப் பாக்கா?” என்றான் பையன்.

4:20-ஓடு 41-ஐக் கூட்டினால் 5:01. நாலரைக்குத் தண்ணீர் குடித்திருக்கிறார். 4:47-க்குச் சந்து முனையைத் தாண்டியிருக்கிறார். 5:01-க்குப் பேட்டை ரோட்டில் போயிருக்கிறார். ஒரே ஆள், ஒரே நடை. கால் தெரியாததையும் அந்தப் பையனே விளக்கிவிட்டான். ராத்திரியில் கேமரா அகச்சிவப்பு விளக்கில் படம் பிடிக்கிறது. வெள்ளை வேட்டி அதில் அளவுக்கு மேல் பளிச்சென்று தெரியும். வெளிச்சம் பத்தாமல் ஒவ்வொரு ஃபிரேமையும் கூடுதல் நேரம் எடுத்துப் பதிவதால் வேகமாக அசைகிற கால் கரைந்துபோகும். கண் மினுங்குவதும் அந்த விளக்கால்தான். ரோட்டில் போகிற எல்லோருக்குமே அந்தக் கேமராவில் கால் கிடையாது. பால்காரருக்கும் கிடையாது, போட்டுக் காட்டினான்.

ஆக, எந்தக் கேமரா பார்த்தாலும் முதலில் இப்போது அதில் மணி என்ன என்று பாருங்கள். பதிவை உடனே பென்டிரைவில் வாங்கிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதிக்கொண்டு போகும். சின்னக் கடைகளில் ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. கடைக்காரர் தயங்கினால் போலீஸ் மூலம் கேளுங்கள், சண்டை போடாதீர்கள். என் தொடர்கதையில் இரண்டு இடத்தில் கேமரா வருகிறது. இரண்டிலும் மணி சரியாகவே இருந்தது. இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது.

அடுத்து கண்டக்டர்கள். “இவரப் பாத்தீங்களா?” என்று போட்டோவை நீட்டினால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு நாளைக்கு எத்தனை முகம் பார்க்கிறார்கள். நாலைந்து பேர் உதட்டைப் பிதுக்கிய பிறகு கேள்வியை மாற்றினேன். “புதன்கிழமை முதல் டிரிப்புல ஒரு பெரியவர் டிக்கெட் காசுக்குச் சண்டை போட்டாரா?” ஒருவர் உடனே நிமிர்ந்தார். “ரெண்டு ரூவாயக் குடுத்துட்டு மில் ஸ்டாப் ஒண்ணுன்னு கேட்டாரு. மீதியும் கேட்டாரு சார்! பக்கத்துல இருந்த அம்மா ஒண்ணு பாவம் பாத்து டிக்கெட் எடுத்துச்சு.”

ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை அன்று விடியும்போது விக்கிரமசிங்கபுரத்தில் இருந்தோம். மில் வாசலுக்கு எதிரே டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். புதன் காலை வாசலில் நின்று வாட்ச்மேனிடம் ஏதோ பேசினாராம், அப்புறம் பாபநாசம் பக்கமாக நடந்தாராம். அதற்குமேல் வெள்ளி வரைக்கும் ஒன்றும் தெரியாது. எங்கே படுத்தார், யார் சோறு போட்டார் என்று இன்றுவரை தெரியாது.

ஆடி அமாவாசை என்றால் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் எப்படி அள்ளும் என்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற கோயில். குடும்பம் குடும்பமாக வந்து குடில் போட்டுத் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். சிக்னல் சரியாகக் கிடைக்காது. போஸ்டரும் வாட்ஸ்அப்பும் அங்கே போய்ச் சேராது. அதனால் பாபநாசத்தில் பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்களிடம் எஃப்ஐஆர் நகலைக் காட்டினோம். ஒரு எஸ்ஐ அதை வாங்கிப் பார்த்துவிட்டு வயர்லெஸ் மைக்கில் மேலே கோயிலுக்குத் தகவல் சொன்னார். அந்த ஒரு தாளுக்காகத்தான் வியாழக்கிழமை அவ்வளவு மல்லுக்கட்டினோம் என்று அப்போது புரிந்தது. வெறும் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால் அந்தக் கூட்டத்தில் யார் காது கொடுப்பார்கள்?

ஒன்றரை மணி நேரம் கழித்து மைக்கில் பதில் வந்தது. இரைச்சலுக்கு நடுவே: “வலது கை ஆள்காட்டி விரல்ல நுனி இல்லாத பெரியவர் ஒருத்தர் இருக்கார், ஒங்க ஆளா?”

நாங்கள் விரலைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை. மச்சான் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் குடிலில் மாமா உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டத்தோடு பஸ் ஏறி வந்திருக்கிறார் போல. பக்கத்துக் குடிலுக்காரர் என்று இவர்களும், இவர்கள் வீட்டுப் பெரியவர் என்று பக்கத்துக் குடிலும் நினைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சோறு போட்டிருக்கிறார்கள். “நல்ல மனுசன், சத்தமே கெடையாது. சங்கு ஊதியாச்சான்னு மட்டும் அப்பப்பக் கேப்பாரு” என்றாள் அந்த அம்மா. தூக்குப்போணி பக்கத்தில் இருந்தது. உள்ளே புளியோதரை.

என்னைப் பார்த்ததும் மாமா எழுந்தார். “வா மருமவனே. ஷிப்ட் முடிஞ்சிட்டா?”

‘எங்கே போனீங்க, ஏன் போனீங்க’ என்று கேட்காதீர்கள். அவருக்குத் தெரியாது, கேட்டால் பயந்துவிடுவார். முடிஞ்சிட்டு மாமா, வீட்டுக்குப் போவோம் என்றேன். தண்ணீர் கொடுத்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு, ஸ்டேஷனில் ஆஜர்படுத்தி வழக்கை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். வழக்கை முடிக்காமல் விட்டால் போலீஸ் கணக்கில் அவர் இன்னும் தேடப்படுகிறவர்தான்.

இப்போது வீட்டு வாசல் கதவில் ஆட்டுக்கழுத்து மணி ஒன்று கட்டியிருக்கிறது. மாமா சட்டைகள் எல்லாவற்றிலும் காலருக்குள் என் நம்பரை நூலால் தைத்திருக்கிறாள் அத்தை. மணிக்கட்டில் எவர்சில்வர் வளையம், அதிலும் நம்பர். சட்டைப்பையில் சீட்டு வைத்தால் எடுத்துப் போட்டுவிடுகிறார். முதியோர் உதவிக்கு 14567 என்று ஒரு எண் இருக்கிறது, காவலுக்கு 100 அல்லது 112. இரண்டையும் அடுக்களைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். தூக்குப்போணியை மறுபடி பரணில் போடவில்லை. காலையில் அத்தை அதில் தயிர்சோறு போட்டுக் கொடுக்கிறாள். மாமா வாங்கிக்கொண்டு திண்ணைக்கு வேலைக்குப் போகிறார். மத்தியானம் திரும்பி வருகிறார்.

அடுத்த கொடையில் கோமரத்தாடியை விடிந்த பிறகு ஓரமாகப் பார்த்துக் கேட்டேன், பையில் என்ன என்று ஏன் கேட்டீர்கள் என்று. பீடியை அணைத்துவிட்டு, “நான் எங்க கேட்டேன்?” என்றார். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லையா, இல்லை அப்படித்தான் சொல்ல வேண்டுமா என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை. என் தொடர்கதையில் ஏட்டையாவின் காதை எடுத்துவிட்டேன். இப்போது அவர் வீடு வீடாகப் போய் என்னென்ன குறைகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கதை நகரமாட்டேன் என்கிறது, அது வேறு விஷயம்.

போஸ்டரில் தேதி போடச் சொன்னேனே. நாங்கள் போடவில்லை. ‘கண்டுபிடிக்கப்பட்டார்’ என்று மறுபடி அனுப்பியும் யாரும் அதைப் பகிரவில்லை. பழையதுதான் சுற்றுகிறது. போன மாசி மாதம் மத்தியானம் ஒரு போன். ஈரோட்டிலிருந்து ஒருவர் பதறிப்போய்ப் பேசினார். “சார், ஒங்க பெரியவர இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். அதே ஆளுதான் சார், சந்தேகமே இல்ல.” மாமா என் எதிரில் இலையில் ரசத்துக்குக் கரை கட்டிக்கொண்டிருந்தார்.

“யாருடே?” என்றார்.

“ஒங்களப் பாத்தாங்களாம் மாமா. ஈரோட்டுல.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “கையில போணி இருக்கான்னு கேளு” என்றார்.